12 வோல்ட் என்று எழுதியிருந்தால் அது சார்ஜர் ஆகிவிடாது

அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கம் முள் கத்தரி போடுகிறவர்களில் பலர் இப்போது பேட்டரி டேங்க்கில்தான் மருந்தடிக்கிறார்கள். டேங்க்கோடு வந்த சார்ஜர் ஒருநாள் புகைந்துபோகும். வேலூர் டவுனுக்கு வந்து, இதே பின் இருக்கிறதா என்று கேட்டு, சிசிடிவி கேமராவுக்குப் போடும் 12 வோல்ட் அடாப்டரை வாங்கிப் போவார்கள். பின்னும் பொருந்தும், பச்சை விளக்கும் எரியும். சில நாளில் கடைக்காரரிடம் திரும்பி வருவார்கள்: "இன்னாண்ணா, ராத்திரி பூரா போட்டு வெச்சும் ரெண்டு டேங்க் கூட வரலியே?"

பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிப் புது பேட்டரி வாங்குவதுதான் பெரும்பாலும் அடுத்த செலவு. அதற்கு முன்னால் அந்த அடாப்டரைப் பாருங்கள்.

அடாப்டரோ, வீட்டுக் கரண்டைக் குறைந்த வோல்ட் டிசியாக மாற்றும் எஸ்எம்பிஎஸ் பெட்டியோ, பவர் சப்ளை எதுவானாலும் அதன் வேலை ஒன்றுதான்: சொன்ன வோல்ட்டை ஆடாமல் அசையாமல் கொடுப்பது. எவ்வளவு ஆம்பியர் வேண்டும் என்பதை எதிரே இருக்கும் கருவி பார்த்துக்கொள்ளும். சார்ஜரின் வேலை வேறு. காலியான பேட்டரிக்குள் ஒரே அடியாக ஆம்பியர் பாயாமல் பிடித்து வைக்க வேண்டும். வோல்ட் மெல்ல ஏறுவதைக் கவனிக்க வேண்டும். நிறைந்ததும் குறைக்க வேண்டும், அல்லது நிறுத்த வேண்டும்.

டேங்க்கில் இருப்பது போன்ற 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி முழுசாக நிறைந்து, சும்மா இருக்கும்போதே 12.6 முதல் 12.8 வோல்ட் காட்டும். அதை நிறைக்க 14.4 வோல்ட் வரை கொண்டுபோக வேண்டும். சரியாக 12 வோல்ட் தரும் அடாப்டரால் பேட்டரியைக் கால்வாசிக்கு மேல் ஏற்ற முடியாது. விடிய விடியப் போட்டாலும் அதே கதைதான். இப்படி அரைகுறையாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் கெட்டியாகப் படியும். சில மாதத்தில் நல்ல பேட்டரியும் உண்மையிலேயே போய்விடும்.

இது தெரிந்த சிலர் செய்யும் தவறு இன்னும் மோசம். எஸ்எம்பிஎஸ் ஓரத்தில் இருக்கும் சின்ன திருகைத் திருப்பி 14.4-க்கு ஏற்றிவிட்டு, அப்படியே மாட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். பேட்டரி நிறைந்த பிறகும் 14.4 வோல்ட் விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும். உள்ளே இருக்கும் நீர் பிரிந்து வாயுவாகும். சீல் போட்ட பேட்டரியில் தண்ணீர் ஊற்ற வழியில்லை. காய்ந்து, சூடேறி, பக்கவாட்டில் உப்பிவிடும். ஆரம்பத்திலும் ஆபத்து உண்டு. டேங்க் பேட்டரியின் பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படித்துப் பாருங்கள். தினம் தினம் ஏற்றி இறக்கும் பயன்பாட்டுக்கு 14.4-இலிருந்து 15 வரை, எப்போதும் மாட்டியே வைப்பதற்கு 13.5-இலிருந்து 13.8 வரை என்று இரண்டு தனி வோல்ட் இருக்கும். ஆரம்ப ஆம்பியர் இவ்வளவைத் தாண்டக் கூடாது என்றும் இருக்கும். 8 ஆம்பியர்-ஹவர் பேட்டரிக்கு அது ஏறக்குறைய 2.4 ஆம்பியர். 10 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ்ஸுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. வோல்ட், ஆம்பியர் இரண்டையும் கட்டுப்படுத்தும் பெஞ்ச் பவர் சப்ளை வைத்திருக்கும் மெக்கானிக், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே ஏற்றினால் அது வேறு விஷயம்.

கரண்ட் போகும் நேரத்தையும் யோசியுங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க நிறுத்தும் நாளில், மாட்டியபடியே விட்ட பேட்டரி அடாப்டருக்குள் திரும்பப் பாய்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வடியும். நல்ல சார்ஜரில் அதைத் தடுக்க டயோடு இருக்கும்.

தலைகீழான தவறும் நடக்கிறது. கார் பேட்டரிக்கான பழைய டிரான்ஸ்பார்மர் சார்ஜரில் ரேடியோவையோ ஆம்பிளிஃபையரையோ நேராக மாட்டுவது. ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்யும் ஃபில்டர் கெப்பாசிட்டர் அந்தச் சார்ஜரில் பெரும்பாலும் கிடையாது. விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும் மின்சாரம்தான் வெளியே வரும். டிரான்ஸ்பார்மர் 15 வோல்ட் ஏசி தந்தால், உச்சம் 21 வோல்ட்டைத் தொடும். பேட்டரி நடுவில் இருந்தால் அது தாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று இரைச்சல், அப்புறம் கருகல் வாடை. புது வகை ஸ்மார்ட் சார்ஜராக இருந்தால், பேட்டரி மாட்டாமல் பெரும்பாலும் ஒன்றுமே தராது.

குழப்பத்துக்குப் பெரிய காரணம் செல்போன். நாம் சார்ஜர் என்று சொல்லும் அந்தக் குட்டிப் பெட்டி உண்மையில் பவர் சப்ளைதான். சார்ஜ் செய்யும் சர்க்யூட் போனுக்குள்ளேயே இருக்கிறது, லேப்டாப்பிலும் அப்படியே. இது தெரியாமல் பழைய டார்ச்சின் 3.7 வோல்ட் லித்தியம் செல்லுக்கு 5 வோல்ட் வயரை நேராகப் பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தச் செல்லின் எல்லை 4.2 வோல்ட். தாண்டினால் தீப்பிடிக்கலாம், வீட்டில் குழந்தைகள் தூங்கும் நேரத்திலும் பிடிக்கலாம்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் இதே தவறு பெரிய அளவில் நடக்கும். '48 வோல்ட் சார்ஜர் இருந்தா குடுப்பா, ஒரு மணி நேரம் போட்டுக்கிறேன்' என்று பக்கத்து வீட்டில் இரவல் வாங்குவது. நாலு லெட் ஆசிட் பேட்டரிக்கான 48 வோல்ட் சார்ஜர் 58 வோல்ட்டையும் எட்டும். 13 செல் வரிசை கொண்ட லித்தியம் பேக்கும் 48 வோல்ட் என்ற பெயரில்தான் விற்கிறது. அதன் எல்லை 54.6. பேக்கின் உள்ளே இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் காப்பாற்றும் என்று நம்ப வேண்டாம். அது கடைசிக் காவல். தினமும் அதைச் சோதிக்கக் கூடாது. சார்ஜர் லேபிளில் வெளியே வரும் வோல்ட் என்ன, எந்த வகை பேட்டரிக்கு என்று இரண்டும் எழுதியிருக்கும். இரண்டும் பொருந்தினால் மட்டும் மாட்டுங்கள்.

நம்ம ஊர் வெயிலுக்கும் இதில் பங்கு உண்டு. மே மாதம் 40 டிகிரி தாண்டும்போது, 25 டிகிரிக்கு வைத்த ஃப்ளோட் வோல்ட்டேஜ் (எப்போதும் மாட்டியே வைப்பதற்கான வோல்ட்) லெட் ஆசிட் பேட்டரிக்குக் கூடுதலாகிவிடும், சுமார் 0.3 வோல்ட் குறைக்க வேண்டும். நல்ல சார்ஜர்கள் சில இதைத் தாமாகவே செய்யும். தகர ஷீட் கொட்டகையில் வைத்து ஏற்றாதீர்கள். வெயிலில் ஓட்டிவந்த வண்டியை ஆறவிட்டு மாட்டுங்கள்.

கையில் இருப்பது எது என்று தெரியாவிட்டால் ஒரு மல்டிமீட்டர் போதும். டேங்க்குக்கு வாங்கிய பெட்டியின் பின்னை அளந்து பாருங்கள். 12 காட்டினால் அடாப்டர். 13.8 முதல் 14.7 வரை காட்டினால் அனேகமாக லெட் ஆசிட் சார்ஜர். ஒன்றுமே காட்டாவிட்டால், பேட்டரியை மாட்டி அதன் முனைகளில் அளங்கள். வோல்ட் மெல்ல 14.4 பக்கம் ஏறி, நிறைந்ததும் 13.6 அளவுக்கு இறங்கினால் நல்ல சார்ஜர். பிறகு கழற்றிச் சில மணி நேரம் சும்மா வைத்துவிட்டு மறுபடி அளங்கள். 12.6-க்கு மேல் நின்றால் பேட்டரி நிறைந்திருக்கிறது. நல்ல சார்ஜரில் ஏற்றியும், எதுவும் ஓட்டாமலேயே மறுநாள் 12-க்குக் கீழே போய்விட்டால், புது பேட்டரிக்கு விலை கேட்கலாம்.