கேன்வாஸ் கனூவில் ஒடிந்த விலாச் சட்டத்தை மாற்றுவது எப்படி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் படகோட்டிகளுக்குப் பஞ்சமில்லை, 1951 முதல் டூசி என்ற ஆற்றுப் படகுப் பந்தயம் நடக்கிற ஊர். ஆனால் இப்போது எல்லாம் கண்ணாடியிழைப் படகுதான். மரக் கனூவைக் கொண்டுபோனால் கையை விரித்துவிடுகிறார்கள். அதனால் எங்கள் கனூவை நானும் தங்கையும் வீட்டிலேயே சரிசெய்தோம். உள்ளே விலா எலும்பு போல வளைந்த சட்டங்கள், அவற்றின் மேல் மெல்லிய பலகை, அதற்கும் மேல் கேன்வாஸ் துணி, இதுதான் இந்தப் படகின் அமைப்பு.

முதலில் கேன்வாஸைக் கழற்றுங்கள். கழற்றாமலே ஒப்பேற்றலாம் என்பவர் பேச்சைக் கேட்காதீர்கள், ஆணியை வெளியிலிருந்துதான் அடித்தாக வேண்டும். பழைய ஆணிகளின் வளைந்த முனையை உள்ளிருந்து நிமிர்த்தி, வெளியே தள்ளி, ஒடிந்த சட்டத்தை எடுத்துவிடுங்கள். அகலம், கனம், ஓரச் சரிவு எல்லாவற்றுக்கும் அதுதான் அளவு.

இந்தச் சட்டங்கள் வழக்கமாக வெள்ளை சிடார் மரத்தில் இருக்கும். நான் ஆஷ் மரம் எடுத்தேன். கனம் கூடுதல், ஆனால் ஆவியில் நன்றாக வளையும். நார் முனைக்கு முனை நேராக ஓட வேண்டும். சூளையில் உலர்த்திய மரம் வேண்டவே வேண்டாம்.

ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி என்பது கணக்கு, 9 மில்லிமீட்டர் சட்டத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். சட்டத்தை வைத்து ஆவி பிடிக்கப் பிவிசி குழாய் என்றால் சூட்டில் தொய்ந்துவிடும், மரப்பெட்டியே மேல்.

இனிதான் கவனம். சட்டத்தைக் கவிழ்த்த கனூவின் முதுகில் வைத்து வளைக்கிறோம், ஆனால் அது போய் உட்காரப்போவது உள்ளே. அது இருக்கவேண்டிய இடத்துக்கு நேர் மேலேயே வளைத்தால் பலகையின் கனமும் சட்டத்தின் கனமும் சேர்ந்த அளவுக்குப் பெரிதாகிவிடும், உள்ளே சரியாகப் பொருந்தாது. ஆகவே அந்த இடத்திலிருந்து பக்கத்து முனையை நோக்கி இரண்டு சட்டம் தள்ளி, படகு கொஞ்சம் ஒடுங்குகிற இடத்தில் வையுங்கள். பெட்டியிலிருந்து எடுத்ததும் நடுக்கோட்டை அழுத்தி, இரு பக்கமும் ஒரே சீராக இறக்குங்கள். அரை நிமிடம் தயங்கினாலும் மரம் விறைத்துவிடும். இறுக்கிக் கட்டி, நன்றாகக் காயவிட்டு அப்புறம் எடுங்கள்.

ஆணி அடிக்க இரண்டு பேர் வேண்டும். தங்கை உள்ளே கனத்த இரும்பைச் சட்டத்தோடு அழுத்திப் பிடித்துக்கொள்ள, நான் வெளியிலிருந்து பித்தளை ஆணியை அடித்தேன். முனை இரும்பில் மோதி, மீன்தூண்டில் போலத் திரும்பி மரத்துக்குள்ளேயே புதைந்துவிடும். ஒரே நார்க்கோட்டில் வரிசையாக அடித்தால் சட்டம் பிளக்கும், மாற்றி மாற்றி அடியுங்கள்.

பிறகு சேர்த்தது: மேலோட்டமான விரிசலுக்கும் சட்டத்தை மாற்ற வேண்டுமா என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம். அந்த இடத்துப் பலகையை மட்டும் கழற்றி, சட்டத்தின் முதுகைச் சரிவாகச் செதுக்கி, மெல்லிய மரத்துண்டு ஒன்றை எப்பாக்சி பசையால் ஒட்டினால் போதும். ஜனவரி வெயிலில் எப்பாக்சி சீக்கிரம் இறுகிவிடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்துகொள்ளுங்கள்.