பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியின் தோட்டா அறையில் துரு நீக்கும் முறை

பர்மிங்காமில் செய்யப்பட்ட பழைய 12 போர் (bore, குழலின் உள்விட்டத்தைக் குறிக்கும் எண்; எண் குறையக் குறைய விட்டம் கூடும்) இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் குழல் பளபளவென்று இருந்தாலும், தோட்டா அமரும் அறையில் மட்டும் துரு படிந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அக்காலத் தோட்டாக்களின் அடியில் இருந்து, அடிபட்டதும் தீப்பற்றும் குளோரேட் கலந்த தீப்பொறி மருந்து விட்டுச்செல்லும் உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அது எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும்.

முதலில் துப்பாக்கியைக் கீலில் மடித்துத் திறந்து, இரு அறைகளும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்து, தோட்டாக்களை வீட்டின் வேறோர் அறைக்கு அப்புறப்படுத்திய பின்னரே குழல்களைக் கழற்ற வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் அறையைத் துடைத்து உடனே உலர்த்துங்கள். குழல்களை இணைக்கும் பட்டையின் அடியில் நீர் தங்கினால் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே துரு வளரும் என்பதால், நீரை ஊற்றுவதை நான் விரும்புவதில்லை.

பிறகு ஊடுருவும் எண்ணெயைத் தடவி ஓர் இரவு ஊறவிடுங்கள். தோட்டா அறை குழலைவிட ஏறத்தாழ 2 மி.மீ. அகலமானது என்பதால் 12 போர் தூரிகை அதில் தளர்ந்து சுழலும். 10 போர் வெண்கலத் தூரிகையே சுவரை நன்றாகத் தொடும். அது போதாவிட்டால், தேய்ந்த தூரிகையின் மேல் மிக நுண்ணிய 0000 எஃகுப் பஞ்சைச் சுற்றி, எண்ணெயுடன் கையாலேயே திருப்புங்கள். குறுக்கே ஓடும் கீறல்கள் சுட்ட தோட்டாவின் உறையைப் பற்றிக்கொள்ளக்கூடும் என்பதால், கடைசிச் சில முறைகள் நீளவாக்கில் இழுப்பது நல்லது. உப்புத்தாள் வேண்டாம். அமிலத் துருநீக்கிகளும் வேண்டாம். அவை வெளியே வழிந்தால் குழலின் கருநீல மெருகு போய்விடும்.

செந்நிறம் மறைந்த பின்னும் சாம்பல் நிறக் குழிகள் தெரியலாம். அவை துரு அல்ல, துரு தின்றுவிட்ட இரும்பின் வெற்றிடம். எவ்வளவு தேய்த்தாலும் நிரம்பாது. அவற்றை மறைக்கச் சுவரைக் குடைந்தால், மிக உயர்ந்த அழுத்தத்தைத் தாங்க வேண்டிய இடமே மெலிந்துவிடும். குழி நகத்தில் தட்டுப்படுகிறது என்றாலோ, குழல்கள் முறுக்கிப் பற்றவைத்த டமாஸ்கஸ் வகையைச் சேர்ந்தவை என்றாலோ, சுவரின் தடிமனை அளக்கத் தெரிந்த துப்பாக்கிப் பணியாளரிடம் காட்டும்வரை சுட வேண்டாம்.

சேமித்து வைக்கும்போது மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும், ஆனால் சுடுவதற்கு முன் அறையை உலரத் துடைத்துவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள சுவரை உறை பற்றாமல் வழுக்குவதால், பின்னோக்கிய தள்ளுவிசை முழுவதும் குழல்களின் பின்புறத்தை மூடிப் பிடிக்கும் பூட்டின்மேல் விழும். ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பழைய தோல் பெட்டிக்குள் துப்பாக்கியைத் திரும்ப வைக்காதீர்கள்.