தப்பாகப் பட்டாலும் தாங்கும் கோல்ஃப் டிரைவர்: எதைப் பார்த்து எடுப்பது?

டிரைவர் என்பது பந்தை வெகுதூரம் அடிக்கும் பெரிய தலை கொண்ட கோல்ஃப் மட்டை. கடையில் கேட்டால் எல்லா டிரைவருமே 'ஃபர்கிவிங்'தான், அதாவது தப்பாகப் பட்டாலும் தாங்குமாம். நானும் அதை நம்பி ஒன்றை வாங்கிவிட்டு, எட்டு மாதம் வலப்பக்கப் புதருக்குள் பந்து தேடிக்கொண்டிருந்தேன். கிரிப்பை மாற்றினேன், நிற்கும் விதத்தை மாற்றினேன், ஸ்லைஸ் (பந்து வலப்பக்கம் வளைந்து போவது) மட்டும் மாறவில்லை. ஸ்விங் ஓரளவு பழகியவர்களுக்காக எழுதுகிறேன், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

படி 1: பந்து எங்கே படுகிறது?

வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தில் சுண்டைக்காய் அளவு பொட்டு வையுங்கள். பொட்டு டிரைவரின் முகத்தை, அதாவது பந்தில் படும் பரப்பைப் பார்த்தபடி பந்தை டீயில் (பந்தைத் தாங்கும் சிறு முளை) வைத்து அடியுங்கள். முகத்தில் மை ஒட்டியிருக்கும். பார்த்துவிட்டுத் துடைத்துவிட்டு, இதையே பத்து முறை செய்யுங்கள். (அழியாத மார்க்கர் வேண்டாம். தேய்த்தே கை ஓய்ந்துவிடும்.)

எனக்குப் பத்தில் ஏழு அடி ஹீல் பக்கம், அதாவது ஷாஃப்ட் (தண்டு) சேரும் பக்கம். நான் மாதக்கணக்கில் கோட்டைவிட்டது இங்கேதான். பந்து ஹீலில் பட்டால் டிரைவரின் தலை தன் எடைமையத்தைச் சுற்றித் திரும்புகிறது. இரண்டு பல்சக்கரங்களில் ஒன்று ஒரு பக்கம் சுற்றினால் மற்றது எதிர்ப்பக்கம் சுற்றும் அல்லவா? அதேபோல் பந்து எதிர்த்திசையில் சுழல்கிறது. ஹீலில் பட்டால் வலப்பக்கம் வளையும், டோவில், அதாவது எதிர் நுனியில் பட்டால் இடப்பக்கம். இதைச் சமாளிக்கத்தான் டிரைவரின் முகத்துக்கு லேசாகத் தொப்பை வைத்திருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் தெரியும். ஹீலில் பட்ட பந்து கொஞ்சம் இடப்பக்கமாகக் கிளம்பி நடுவுக்குத் திரும்பி வர வேண்டும் என்பது கணக்கு. ஏற்கெனவே முகம் திறந்தபடி (வலப்பக்கம் பார்த்தபடி) அடிப்பவருக்கு அந்தக் கணக்கு உதவாது. இரண்டு வளைவும் சேர்ந்து பந்து புதருக்குப் போய்விடும். நான் பந்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி நின்றேன். பாதிப் பிரச்சினை அதோடு போயிற்று.

படி 2: துடைப்பக் கம்பு சோதனை

ஒரு கம்பின் நடுவைப் பிடித்து, கைக்குப் பக்கத்திலேயே இருபுறமும் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் கட்டி, மணிக்கட்டை இப்படியும் அப்படியும் திருப்பிப் பாருங்கள். அப்புறம் அதே பாட்டில்களைக் கம்பின் இரு முனைகளிலும் கட்டித் திருப்புங்கள். எடை அதேதான், ஆனால் மணிக்கட்டு திணறும். பிளஸ் ஒன்னில் படித்த நிலைமத் திருப்புத்திறன் இதுதான். தூரம் இரண்டு மடங்கானால் திருப்பக் கஷ்டம் நான்கு மடங்கு. டிரைவர் தலையின் எடை சுமார் 200 கிராம். அதை ஓரங்களுக்கும் பின்பக்கத்துக்கும் தள்ளி வைத்தால், ஓரத்தில் பட்டாலும் தலை குறைவாகவே திரும்பும், பந்தின் வேகமும் அவ்வளவாகக் குறையாது.

படி 3: பெட்டியில் உள்ள எண்கள்

460 சிசி (தலையின் கன அளவு) என்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். விதிகள் அனுமதிக்கும் உச்சமே அதுதான், இன்றைய டிரைவர்களில் பெரும்பாலானவை அதை ஒட்டித்தான் இருக்கின்றன. டோ-ஹீல் திசைத் திருப்புத்திறனுக்கும் 5,900 (கிராம்-சதுர சென்டிமீட்டர்) என்று அமெரிக்க கோல்ஃப் சங்கமான யுஎஸ்ஜிஏ வரம்பு வைத்திருக்கிறது. பிறகு 2024-இல் பிங், டெய்லர்மேடு ஆகிய மட்டை நிறுவனங்கள் '10கே' (பத்தாயிரம்) என்று எப்படி விற்றன? மேல்-கீழ் திசையின் எண்ணையும் கூட்டிச் சொன்னார்கள். பொய் இல்லை, ஆனால் ஒரே எண் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் தேர்வு: பெயரில் 'மேக்ஸ்' உள்ள மாடல், 10.5 டிகிரி லாஃப்ட் (முகத்தின் சாய்வு), அதற்குக் கீழே வேண்டாம். லாஃப்ட் கூடினால் பின்சுழற்சி கூடும், பக்கவாட்டு வளைவு குறையும். 'எல்எஸ்' (பின்சுழற்சி குறைந்த) மாடல் நம்மைப் போன்றவர்களுக்கு இல்லை. புதுசுக்குக் காசு இல்லையென்றால் மூன்று வருடப் பழைய மேக்ஸ் தாராளமாகப் போதும்.

படி 4: திருகு

எடைத் திருகு இருந்தால் கனமானதைப் பின்னால் வையுங்கள். முன்னால் வைத்தால் தூரம் கூடும் என்று ரேஞ்சில் (பயிற்சி மைதானத்தில்) யாராவது கட்டாயம் சொல்வார்கள். நடுவில் அடிப்பவருக்குக் கூடலாம்.

படி 5: நீளம்

கடையில் வரும் டிரைவர் பெரும்பாலும் 45 அங்குலத்துக்கு மேல்தான். அறுக்க அவசரப்பட வேண்டாம். முதலில் கிரிப்பில் ஓர் அங்குலம் கீழே பிடித்து அந்தப் பத்துப் பந்தையும் மறுபடி அடியுங்கள். மைப்புள்ளிகள் நெருங்கி வந்தால் மட்டும் அறுப்பதைப் பற்றி யோசியுங்கள். அறுத்தால் தலை லேசாகிவிட்டதுபோல் கைக்குத் தோன்றும், கனமான திருகு வாங்க வேண்டிவரலாம்.

பின்சேர்க்கை: மை ஒட்டவே இல்லை என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். ஒருவர் பொட்டை இலக்கைப் பார்த்து வைத்திருக்கிறார். இன்னொருவர் காலைப் பனியில் நனைந்த பந்தில் வரைந்திருக்கிறார். பந்து, முகம் இரண்டையும் துணியால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். இடது கைக்காரர்கள் நான் சொன்ன வலம், இடம் இரண்டையும் மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.