ட்ரோன் காம்போ வாங்கலாமா? பெட்டிக்குள் இருப்பதை எடைபோடும் முறை

ஒரே ட்ரோன் இரண்டு விலையில் விற்கும். வெறும் ட்ரோன் ஒரு விலை. கூடுதல் பேட்டரி, சார்ஜிங் ஹப் (பல பேட்டரியை ஒரே இடத்தில் செருகி ஏற்றும் பெட்டி), பை, உதிரி இறக்கைகள் சேர்ந்த காம்போ இன்னொரு விலை. இவை போக, தயாரிப்பாளருக்குச் சம்பந்தமே இல்லாத விற்பனையாளர்கள் ‘25 பொருள் அடங்கிய தொகுப்பு’ என்று தாங்களாகவே ஒன்றைக் கட்டி வைத்திருப்பார்கள். தயாரிப்பாளரின் காம்போவில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி பேட்டரிக்குப் போகிறது. வெளியார் கட்டும் தொகுப்பில் எண்ணிக்கைக்குப் போகிறது: லென்ஸ் துடைக்கும் துணி, திருப்புளி, எட்டு ஸ்க்ரூ என்று ஒவ்வொன்றையும் ஒரு பொருளாக எண்ணித்தான் அந்த 25 வந்திருக்கும்.

எண்ணிக்கையை ஒதுக்கிவிட்டு ஒரு தாளில் கணக்குப் போடுங்கள்.

காம்போ விலையிலிருந்து வெறும் ட்ரோன் விலையைக் கழித்தால் வருவதுதான் நீங்கள் உபரியாகக் கொடுக்கும் தொகை. அடுத்து, பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே, அதே பொருளைத் தனியாக வாங்கினால் என்ன ஆகும் என்று எழுதுங்கள். கோடு அடித்துக் காட்டும் ‘அசல் விலை’யை எழுதாதீர்கள், இன்று உண்மையில் விற்கும் விலை வேண்டும். பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் உங்களையே கேளுங்கள்: காம்போ என்று ஒன்று இல்லாவிட்டாலும் இதை வாங்குவேனா? நிச்சயம் வாங்குவேன் என்றால் முழு விலை. ஒருவேளை வாங்கலாம் என்றால் பாதி. மாட்டேன் என்றால் பூஜ்யம். கூட்டுத்தொகை உபரித் தொகையைத் தாண்டினால் காம்போ லாபம்.

ட்ரோன் விலையை 100 என்று வைத்து ஒரு கற்பனைக் கணக்கு. காம்போ 132, உபரி 32. தனியாக வாங்கினால் பேட்டரி ஒன்று 11, ஹப் 9, பை 7, உதிரி இறக்கைகள் 2. இரண்டு பேட்டரியும் சேர்த்து மொத்தம் 40. ‘8 மிச்சம்’ என்று விளம்பரம் சொல்லும். ஒரு கூடுதல் பேட்டரி போதும், பை ஏற்கெனவே இருக்கிறது என்பவருக்கு மதிப்பு 11-உம் 2-உம் சேர்ந்து 13 மட்டுமே. அவர் காம்போ வாங்கினால் 19 நஷ்டம். இரண்டு பேட்டரி, ஹப், இறக்கை எல்லாம் வேண்டும் என்பவருக்கு 33. பை இலவசமாக வந்ததுபோல. ஆக, முடிவைத் தீர்மானிப்பது இரண்டாவது கூடுதல் பேட்டரியும் ஹப்பும்தான். அவை உங்களுக்குத் தேவையா என்பதை நிமிடக் கணக்கில் பார்க்க வேண்டும்.

எத்தனை பேட்டரி?

பெட்டியில் அச்சிட்டிருக்கும் பறக்கும் நேரம் காற்றில்லாத இடத்தில், சீரான வேகத்தில், பேட்டரி முற்றிலும் தீரும்வரை அளந்தது. அப்படி யாரும் பறக்கவிடுவதில்லை. 34 நிமிடம் என்று போட்டிருந்தால், 25 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே இறக்க வேண்டும் என்பதால் முதலில் அது 25 நிமிடமாகிறது. எதிர்க்காற்று, அடிக்கடி மேலே ஏற்றுவது, வேகமாக விரட்டுவது எல்லாம் சேர்ந்து இன்னும் சில நிமிடங்களைத் தின்றுவிடும். கைக்குக் கிடைப்பது 20 முதல் 24 நிமிடம். அச்சிட்ட நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று மனதில் வைத்துக்கொண்டால் தவறாது.

ஒரு தடவை வெளியே போனால் எத்தனை நிமிடம் வானில் வேண்டும்? பயணத்தில் நின்று இரண்டு ஷாட் எடுப்பவருக்கு மொத்தம் இரண்டு பேட்டரி போதும். கல்யாணம், கட்டுமானப் பதிவு, நில அளவை மாதிரியான வேலைக்கு மூன்றுகூடக் குறைவுதான். பழகும் நிலையில் இருப்பவருக்கு எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வேண்டியிருக்கும். கை பழக வானில் நேரம் செலவாக வேண்டும்.

‘இப்போது வெறும் ட்ரோன், பேட்டரி பிறகு’ என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு மாடலின் உற்பத்தி நின்ற பிறகு அதன் பேட்டரி கிடைப்பது அரிதாகிவிடும். கிடைப்பதும் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததாக இருக்கலாம். லித்தியம் பேட்டரி பயன்படுத்தாமலே மூப்படையும். அதே காரணத்தால், ஐந்தாறு பேட்டரி வாங்கி அடுக்கிவைப்பதும் வீண். ஓராண்டுக்குள் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக்கூடியதை மட்டும் வாங்குங்கள்.

‘பெரிய பேட்டரி’ உள்ள காம்போ என்றால் எடையைப் பாருங்கள். டிஜேஐ கம்பெனியின் மினி 4 ப்ரோ ட்ரோன் சாதாரண பேட்டரியோடு 249 கிராமுக்குள் நிற்கும், அச்சிட்ட நேரம் 34 நிமிடம். ‘ப்ளஸ்’ பேட்டரி போட்டால் 45 நிமிடம். ஆனால் எடை 250-ஐத் தாண்டிவிடும். பல நாடுகளில் 250 கிராம் என்பது விதிகள் மாறும் கோடு. 11 நிமிடத்துக்காகப் பதிவு, தேர்வு, தடை செய்யப்பட்ட பகுதி என்று வேறு வகுப்புக்குள் போகச் சம்மதமா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

விமானத்தில் கொண்டுபோவோருக்கு: உதிரி லித்தியம் பேட்டரி கைப்பையில்தான் போக வேண்டும், செக்-இன் பெட்டியில் போகக்கூடாது. 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாகச் சிக்கலில்லை. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி வரும். 7.32 வோல்ட், 2590 மில்லிஆம்பியர்-மணி என்றால் 7.32 × 2.59, ஏறத்தாழ 19 வாட்-மணி.

வேறு கம்பெனி தயாரித்த பேட்டரி உள்ள தொகுப்பைத் தவிர்த்துவிடுங்கள். ட்ரோன் பேட்டரிக்குள் ஒரு சிறு மின்சுற்று இருக்கிறது. செல்களின் வோல்ட்டேஜையும் வெப்பத்தையும் மிச்ச சார்ஜையும் அதுதான் ட்ரோனுக்குச் சொல்கிறது. அந்தக் கணக்கு தவறினால் 30 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே மோட்டாருக்கு மின்சாரம் போதாமல் கீழே வரும். கேமரா பேட்டரியில் இப்படி நடந்தால் ஒரு படம் போகும். இங்கே ட்ரோனே போகும். அடுத்த மென்பொருள் புதுப்பிப்பில் அது ஏற்கப்படாமலும் போகலாம்.

சார்ஜிங் ஹப்

ஹப் இருந்தால் சீக்கிரம் சார்ஜ் ஆகும் என்பது பரவலான தவறான எண்ணம். சிறிய ட்ரோன்களுக்கான பல ஹப்கள் வரிசையாகத்தான் ஏற்றும்: ஒன்று முடிந்த பிறகு அடுத்தது. ஒரு பேட்டரிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் என்றால், மூன்றும் காலியாக இருந்தால் மூன்று மணி நேரம். ஹப் மிச்சப்படுத்துவது மணிக்கொரு முறை எழுந்துபோய் பேட்டரி மாற்றும் வேலையைத்தான். வீட்டில் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஏற்றுவோருக்கு அது பெரிய உதவி. விவரக்குறிப்பில் ‘ஒரே நேரத்தில்’ என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் வேகத்துக்கு மதிப்புக் கொடுங்கள். எத்தனை வாட் சார்ஜர் வேண்டும், அது பெட்டியில் இருக்கிறதா என்றும் பாருங்கள். பல காம்போக்களில் ஹப்பும் கேபிளும் இருக்கும், சுவரில் செருகும் சார்ஜர் இருக்காது. இரண்டே பேட்டரி, ட்ரோனுக்குள் வைத்தபடியே யுஎஸ்பி-சி வழியாக ஏற்றலாம் என்றால் ஹப்புக்குப் பூஜ்யம் போடலாம்.

என்டி ஃபில்டர்: அதிகம் ஏமாறும் இடம்

என்டி ஃபில்டர் என்பது லென்ஸ்மேல் மாட்டி ஒளியைக் குறைக்கும் கண்ணாடி. வெளியார் தொகுப்புகளில் பளபளவென்று முதலில் தெரிவது இந்த ஃபில்டர் பெட்டிதான். எண்ணிக்கை நாலா ஆறா என்பது முக்கியமில்லை. எந்த எண்கள் என்பதுதான் முக்கியம்.

என்டி எண் ஒளியை எத்தனையால் வகுக்கிறது என்பதைக் குறிக்கும். என்டி8 எட்டில் ஒரு பங்கு ஒளியை விடும். என்டி64 அறுபத்துநாலில் ஒரு பங்கு. வீடியோ இயல்பாகத் தெரிய ஷட்டர் (சென்சாரில் ஒளி படும் நேரம்), ஃபிரேம் வேகத்தின் இருமடங்கில் இருப்பது வழக்கம்: 30 ஃபிரேமுக்கு 1/60 நொடி. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, லென்ஸ் துளை எஃப்/16 (எண் சிறியதானால் துளை பெரிது) வைத்தால் ஷட்டர் 1/100 வரும் என்பது பழைய புகைப்பட வாய்ப்பாடு. மினி 4 ப்ரோ போன்றவற்றின் துளை எஃப்/1.7, மாற்ற முடியாது. அந்தத் துளையில் அதே வெயிலுக்கு ஷட்டர் 1/8900 அளவுக்குப் போய்விடும். அதை என்டி32-ஆல் வகுத்தால் 1/280. இன்னும் மிக வேகம். என்டி128 போட்டால்தான் 1/70 வருகிறது. எஃப்/2.8 துளை உள்ள ட்ரோனுக்கு 1/3260; அதற்கு என்டி64 போட்டால் 1/50, அதாவது சரியாக இருக்கும்.

ஆக, எஃப்/1.7 ட்ரோனுக்கு என்டி4, 8, 16, 32 என்று நாலு ஃபில்டர் தருபவர், உச்சி வெயிலில் எதற்கும் ஆகாத நாலைத் தருகிறார். மாலையிலும் மேகமூட்டத்திலும் அவற்றில் ஒன்றிரண்டு பயன்படும், அவ்வளவே. இந்த ட்ரோனுக்கு டிஜேஐ தானே விற்கும் தொகுதியில் என்டி16, 64, 256 இருப்பது இதனால்தான். நீங்கள் புகைப்படம் மட்டும் எடுப்பவர் என்றால் ஃபில்டருக்கு மொத்தமாகப் பூஜ்யம் போட்டுவிடலாம். உயரத்தில் மெதுவாகப் பறந்து எடுக்கும் வீடியோவிலும் வித்தியாசம் அதிகம் தெரியாது. தரையை ஒட்டி வேகமாகப் போகும்போதுதான் காட்சி வெட்டி வெட்டித் தெரியும்.

மாட்டும் விதமும் முக்கியம். லென்ஸின் முன்மூடியைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் மாட்டும் ஃபில்டர் நல்லது. மேலே கவ்வும் வகை எடையைக் கூட்டும். கிம்பல் (கேமராவை ஆடாமல் பிடிக்கும் தாங்கி) மோட்டார் திணறி ‘ஓவர்லோடு’ என்று எச்சரிக்கை வரும், படம் நடுங்கும். எந்த வகையானாலும் ட்ரோனை இயக்கும் முன்பே மாட்டிவிடுங்கள். இயக்கியதும் கிம்பல் தன்னைச் சமன்செய்துகொள்ளும், அப்போது கை படக்கூடாது. போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் கண்ணாடி) கலந்த ஃபில்டருக்குக் கூடுதல் விலை தர வேண்டாம். ட்ரோன் திரும்பத் திரும்ப அதன் விளைவு மாறும். ஒரே ஷாட்டில் வானம் கருத்தும் வெளுத்தும் போகும்.

இறக்கைகள்

எந்தத் தொகுப்பிலும் தயங்காமல் முழு மதிப்புக் கொடுக்க வேண்டியது தயாரிப்பாளரின் உதிரி இறக்கைகளுக்கு. முனையில் மயிரிழை அளவு விரிசலோ நெளிவோ இருந்தாலும் அதிர்வு வரும், வீடியோ ஜெல்லி மாதிரி அலையும். வலஞ்சுழி, இடஞ்சுழி இரண்டு வகையும் இருக்கிறதா, நாலு மோட்டாருக்கும் போதுமான முழுத் தொகுதியா என்று எண்ணிப் பாருங்கள். சில தொகுப்பில் ஒரு ஜோடிதான் இருக்கும். ஸ்க்ரூவால் மாட்டும் வகையில் புது ஸ்க்ரூவும் வர வேண்டும். அவற்றின் மரையில் இறுகிப் பிடிக்கும் பசை பூசியிருக்கும். பழையதை மறுபடி போட்டால் பறக்கும்போது தளர வாய்ப்பு உண்டு. ஒரு மோட்டாரில் ஒரு இதழ் அடிபட்டாலும் அந்த மோட்டாரின் இரண்டு இதழ்களையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கார்பன் ஃபைபர் என்று சொல்லி விற்கும் வெளியார் இறக்கைகள் வேண்டாம். ட்ரோனின் மென்பொருள் அதன் சொந்த இறக்கையின் எடைக்கும் வளைவுக்கும் ஏற்ப அமைக்கப்பட்டது.

மற்றவை

மெமரி கார்டு: 150 மெகாபிட் வீடியோ நொடிக்கு 19 மெகாபைட்கூட எழுதாது, எனவே வி30 (நொடிக்கு 30 மெகாபைட் எழுதும் வகை) போதும். நிமிடத்துக்கு 1.1 ஜிபி, மூன்று பேட்டரி பறந்தால் 75 ஜிபி சுற்றி. 128 ஜிபி வாங்குங்கள், அதையும் தனியாக. இலவசமாக வரும் பெயர் தெரியாத கார்டில் போலிகள் உண்டு. எச்2டெஸ்ட்டபிள்யூ அல்லது எஃப்3 மென்பொருளால் முழுக் கொள்ளளவையும் எழுதிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தரையிறங்கும் விரிப்பு புழுதியிலும் புல்லிலும் நல்ல உதவி, ஆனால் முளை அடிக்காவிட்டால் இறக்கைக் காற்றில் எழும்பி இறக்கையிலேயே சுற்றிக்கொள்ளும். இறக்கைக் காப்பு வளையம் வீட்டுக்குள் பழக மட்டும். வெளியே அது எடையையும் காற்றின் பிடியையும் கூட்டிப் பறக்கும் நேரத்தைக் குறைக்கும். கால் நீட்டிப்பான் அடிப்பக்க சென்சாரை மறைக்கிறதா என்று பாருங்கள். கன்ட்ரோலரில் மாட்டும் ‘சிக்னல் பூஸ்டர்’ தகடு வேண்டாம். ஆன்டெனாவின் முனையை ட்ரோனை நோக்கி நீட்டாமல், தட்டையான பக்கத்தைக் காட்டினாலே தொடர்பு சீராக இருக்கும். பை வாங்கினால் உங்கள் கன்ட்ரோலர் எந்த வகை என்று பாருங்கள்: திரை உள்ளதும் இல்லாததும் வடிவில் வேறு, நுரையில் வெட்டிய குழி ஒன்றுக்குத்தான் பொருந்தும்.

வந்ததும் பார்க்க வேண்டியவை

கடைக்காரர் கட்டிய தொகுப்பு என்றால் ட்ரோன் பெட்டியின் முத்திரை உடையாமல் இருக்கிறதா, உங்கள் நாட்டில் உத்தரவாதம் செல்லுமா என்று பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் கேளுங்கள். பெட்டி வந்ததும் முதலில் ஒவ்வொரு பேட்டரியையும் தட்டையான மேசையில் வைத்து ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அது வீங்கிய பேட்டரி; அதைச் சார்ஜ் செய்யாமல், பறக்கவிடாமல், விற்பனையாளரிடம் சொல்லி மாற்றிக் கேளுங்கள். மற்ற எல்லா பேட்டரியையும் ஒரு முறை சார்ஜில் போடுங்கள். புதியவை உறக்க நிலையில் வரும், சார்ஜ் செய்தால்தான் விழிக்கும். பிறகு ஒவ்வொன்றாக ட்ரோனில் போட்டு, ஆப்பில் சுழற்சி எண்ணிக்கையை (எத்தனை முறை முழுதாகச் சார்ஜ் ஏறி இறங்கியது என்பதை) பாருங்கள். 0 அல்லது 1 இருக்க வேண்டும். 15 காட்டினால் யாரோ பயன்படுத்தியது. ஆப் செல் வோல்ட்டேஜைக் காட்டினால், செல்களுக்கிடையே வித்தியாசம் 0.1 வோல்ட்டுக்கு மேல் இருக்கக்கூடாது.  திருப்பி அனுப்பும் காலக்கெடு முடிவதற்குள் எல்லா பேட்டரியையும் தலா ஒரு முறை, ஆட்கள் இல்லாத இடத்தில் இரண்டு மீட்டர் உயரத்தில் மிதக்கவிட்டு 30 சதவீதம் வரை இறக்கிப் பார்த்துவிடுங்கள். நேரம் ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேறுபட்டால் குறைந்ததை மாற்றிக் கேளுங்கள்.