விண்வெளி யுகம்னு எழுதப் போறீங்களா, இத பாத்துட்டு எழுதுங்க

ஸ்பேஸ் ஏஜ்ங்குறத தமிழ்ல எழுதணும்னா மொதல்ல அந்த 'ஏஜ்'ஜ கவனிங்க, இங்க அது வயசு இல்ல, யுகம். கற்காலம், இரும்புக்காலம்னு சொல்றோம்ல, மனுசன் கைக்கு புதுசா என்ன வந்துச்சோ அத வச்சு காலத்துக்கே பேர் வைக்கிறது, இதுவும் அந்த வரிசைதான். அதனால விண்வெளி யுகம், விண்வெளிக் காலம் ரெண்டுமே சரி. மொழிபெயர்ப்பு ஆப்ல 'விண்வெளி வயது'ன்னு வந்தா தயவுசெஞ்சு அப்படியே போட்டுறாதீங்க.

அடுத்து எப்ப ஆரம்பிச்சதுங்குறது. 1969ல நிலாவுல எறங்குனத போட்டா தப்பு. 1957 அக்டோபர் 4, சோவியத் யூனியன் உலகத்தோட மொதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் 1ஐ அனுப்புன நாள், அதத்தான் போடணும். 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு உருண்டை, 83.6 கிலோ, நாலு ஆன்டெனா, பீப் பீப்னு ஒரு ரேடியோ சிக்னல், அவ்ளோதான் அது. இத்துனூண்டு உருண்டைக்கு ஏன் ஒரு யுகமேன்னு கேட்டா, ஜெர்மனியோட வி-2 ராக்கெட் 1944லயே விண்வெளியோட எல்லைன்னு பொதுவா சொல்ற 100 கிலோமீட்டர் உயரத்த தாண்டிடுச்சு, ஆனா மேல எறிஞ்ச கல்லு மாதிரி போன வேகம் தீந்ததும் கீழ வந்துடும், ஸ்புட்னிக் அப்படி இல்ல, செகண்டுக்கு கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர் வேகத்துல பக்கவாட்டுல ஓடுனதால அது விழ விழ பூமியும் வளைஞ்சு வெலகிக்கிட்டே போச்சு, சுமார் 96 நிமிஷத்துக்கு ஒரு சுத்துன்னு மூணு மாசம் மேலயே இருந்துச்சு. போய்ட்டு வர்றது வேற, போய் தங்குறது வேற. நீங்க எழுதுறதுல இந்த ஒரு விஷயத்த மட்டும் விட்டுறாதீங்க, எனக்கு இதுல ரொம்ப பிடிச்சதே இதுதான்.

ஆனா 'ஸ்புட்னிக்கால பிறந்த சொல்'னு எழுதிடாதீங்க, சொல்லு அதுக்கும் மூத்தது. 1946லயே ஹாரி ஹார்ப்பர்ங்குற பிரிட்டிஷ் எழுத்தாளர் விண்வெளி யுகத்தோட விடியல்னு அர்த்தம் வர்ற தலைப்புல புத்தகமே போட்டுட்டாரு, ஸ்புட்னிக் வந்தப்புறம்தான் அது எல்லார் வாய்லயும் புகுந்துச்சு.

விண்வெளிப் போட்டின்னு சொல்றது தனி, அது அமெரிக்காவுக்கும் சோவியத்துக்கும் நடந்தது, 1975ல அமெரிக்காவோட அப்போலோ விண்கலமும் சோவியத்தோட சோயுஸ் விண்கலமும் மேல ஒண்ணா இணைஞ்சத அதோட முடிவா பலர் சொல்வாங்க. யுகம் முடியல, இப்பவும் ஓடிட்டுதான் இருக்கு.

ஃபேஷன், ஃபர்னிச்சர் பத்தின கட்டுரைல 'ஸ்பேஸ் ஏஜ் ஸ்டைல்'னு வந்தா மட்டும் யுகம்னு மாத்தாம அப்படியே விடுங்க, அது 1960கள்ல வந்த வெள்ளை, வெள்ளி கலரு, பளபள பிளாஸ்டிக், உருண்டை வடிவம்னு இருக்குற டிசைனுக்கான பேரு.