ஆக்சிடென்ட் ஆகி மறுநாள் வலிக்க ஆரம்பிச்சா என்ன பண்ணணும்

ஏற்காட்டுல இருந்து எறங்குறப்ப ஒரு கொண்டை ஊசி வளைவுல பின்னாடி வந்த வண்டி எங்க கார இடிச்சிருச்சு, அப்ப ஒண்ணுமே தெரியல, பம்பர பாத்துட்டு டீ குடிச்சுட்டு வீட்டுக்கு வந்துட்டோம், மறுநாள் காலைல பல்லு வெளக்க குனியுறேன், கழுத்து திரும்பவே இல்ல. பதட்டத்துல ஒடம்புல சுரக்குற அட்ரினலின் வலிய அமுக்கிடும், தசைல வீக்கம் ஏற ஒண்ணு ரெண்டு நாள் கூட ஆகும், அதான் லேட்டா வலிக்குது.

தயவுசெஞ்சு சுளுக்குன்னு நெனச்சு கழுத்த நீவி விட்டுக்காதீங்க, எலும்புல விரிசல் இருந்தா ரொம்ப ஆபத்து. டாக்டர பாருங்க. எந்தப் பக்கம் இடிச்சுது, வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு ஒரு பேப்பர்ல எழுதிட்டுப் போங்க, அங்க போனா பாதி மறந்துரும்.

கை கால் மரத்துப் போறது, தலைவலி கூடிக்கிட்டே போறது, வாந்தி, தூக்கக் கலக்கம், சீட் பெல்ட் அழுத்துன எடத்துல வயித்து வலி, இதுல ஒண்ணு இருந்தாலும் விடியட்டும்னு இருக்காதீங்க, 108க்கு அடிங்க, இல்ல சேலம் ஜி.ஹெச். போங்க. ஆக்சிடென்ட்னு தெளிவா சொல்லி ரிஜிஸ்டர்ல பதிய வைங்க, க்ளெய்முக்கு அது வேணும். விபத்துல அடிபட்டவங்களுக்கு இலவச சிகிச்சை குடுக்குற தமிழக அரசோட 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல விபத்து நடந்த மொத 48 மணி நேரம் தான் கணக்கு, அதனால தள்ளிப் போடாதீங்க.