நீட் பாரம் நிரப்ப வருகிறவர்களுக்கு, ஜெராக்ஸ் கடை அக்கா சொல்வது

அயனாவரத்தில் ஜெராக்ஸும் பிரவுசிங்கும் சேர்ந்த சின்னக் கடை என்னுடையது. தமிழ்நாட்டு எம்.பி.பி.எஸ். சேர்க்கை 2017-ல் நீட்டுக்கு மாறியதிலிருந்து ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்குப் பாரம் நிரப்பித் தருகிறேன். நான் பிளஸ் டூவோடு நின்றவள். பிசிக்ஸில் சந்தேகம் கேட்டால் முழிப்பேன். ஆனால் எந்தக் கட்டத்தில் தப்பாக டிக் அடித்தால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். படிப்பை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், காகித விஷயத்தை நான் சொல்கிறேன்.

முதலில் இன்ஷியல். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது பெரிய தலைவலி. பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இன்ஷியல் முன்னால் இருக்கும், ஆதாரில் பின்னால் இருக்கும், சாதிச் சான்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். பிளஸ் டூ தொடங்கும்போதே மூன்றையும் மேசைமேல் பரப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். மார்க் ஷீட்டை வைத்து ஆதாரைத் திருத்துவதுதான் சுலபம். சேருகிற வருடம் டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால் பிறந்த தேதியையும் பாருங்கள்.

அடுத்தது போன் நம்பர். இதில் தப்பு செய்தது நான்தான். ஆரம்பத்தில், பையனிடம் போன் இல்லையே என்று ஒரு பாரத்தில் என் கடை நம்பரைப் போட்டேன், மெயில் ஐடியும் நானே உருவாக்கினேன். ரிசல்ட் வந்த வாரம் என் போன் பழுதாகிக் கிடந்தது, பாஸ்வேர்டு எழுதிய நோட்டும் காணோம். ஓ.டி.பி. வராமல் அந்தப் பையனின் அம்மா கடை வாசல் படியில் உட்கார்ந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது. ரெண்டு நாள் கழித்து எப்படியோ சரியானது. அன்றிலிருந்து யார் கெஞ்சினாலும் என் நம்பரைப் போடுவதில்லை. வீட்டில் இருக்கிற, சேர்க்கை முடியும்வரை மாற்றாத நம்பரைக் கொடுங்கள்.

பிரிவு என்ற கட்டத்தில்தான் பாதிப் பேர் குழம்புகிறார்கள். நீட் பாரத்தில் பி.சி., எம்.பி.சி. என்று இருக்காது, ஓ.பி.சி. நான்கிரீமி லேயர் என்றுதான் இருக்கும். அது அகில இந்திய ஒதுக்கீட்டில், அதாவது நாடு முழுவதற்கும் பொதுவாக விடும் இடங்களில், உள்ள 27 சதவீதத்துக்கு. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்க வேண்டும், குடும்பம் கிரீமி லேயருக்குள், அதாவது வசதியானவர்கள் என்ற வரம்புக்குள், வரக் கூடாது, தாசில்தாரிடம் தனியாக ஓ.பி.சி. சான்று வாங்க வேண்டும். வீட்டில் இருக்கும் பழைய சாதிச் சான்று இதற்குச் செல்லாது. தமிழ்நாட்டின் 69 சதவீதம் வேறு கணக்கு: பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. 20, எஸ்.சி. 18 (அதில் 3 அருந்ததியர்), எஸ்.டி. 1. இங்கே கிரீமி லேயர் கிடையாது. அதனால் அப்பாவுக்கு நல்ல வருமானம் என்று நீட் பாரத்தில் பொதுப்பிரிவு போட்ட பி.சி. பிள்ளை, மாநில விண்ணப்பத்தில் பி.சி. என்றே போடலாம். இதை நான் சொன்னால் நம்பாமல், மாநிலக் கையேட்டைத் திறந்து காட்டச் சொல்லும் அப்பாக்கள் உண்டு. காட்டுவேன்.

கேள்வித்தாள் மொழியையும் பாரத்திலேயே கேட்பார்கள். தமிழ் என்று போட்டால் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த தாள் வரும். மொழிபெயர்ப்பில் இடித்தால் ஆங்கிலமே இறுதி. தமிழ் வழியில் படித்த பிள்ளை தயங்க வேண்டாம்.

தேர்வு பற்றி எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். 180 கேள்வி, 180 நிமிடம், 720 மார்க். உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் 45, 45. சரிக்கு 4, தப்புக்கு 1 கழியும். என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தை வரி வரியாகப் படித்தவர்கள்தான் உயிரியலில் நிற்கிறார்கள் என்று என் கடைக்கு வருகிற பிள்ளைகளே சொல்கிறார்கள். நான் சேர்த்துச் சொல்வது ஒன்றே ஒன்று: விடையை வட்டத்தில் குறிக்கும் ஓ.எம்.ஆர். ஷீட்டைப் பிரிண்ட் எடுத்து, பேனாவால் வட்டம் நிரப்பிப் பழகுங்கள். போனில் மட்டும் மாதிரித் தேர்வு எழுதுகிறவர்கள் கடைசி பத்து நிமிடத்தில் திணறுகிறார்கள். வீட்டில் இடமில்லை என்றால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே இருக்கிறது.

தேர்வு பெரும்பாலும் மே முதல் ஞாயிறு. கத்திரி வெயில், ஞாயிற்றுக்கிழமை என்பதால் மின்சார ரயிலும் குறைவு. ஒன்றரை மணிக்குக் கேட்டைச் சாத்திவிடுவார்கள். முந்தின நாளே மையத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அரைக்கைச் சட்டை, செருப்பு போதும். பாரத்தில் ஏற்றிய அதே போட்டோவில் இருபது காப்பியாவது போட்டு வையுங்கள், கவுன்சலிங் வரைக்கும் கேட்பார்கள்.

ரிசல்ட் வந்ததும் மார்க்கைப் போன வருட மார்க்கோடு ஒப்பிடாதீர்கள். 2024-ல் 720-க்கு 720 எடுத்தவர்களே பலர்; 2025-ல் முதலிடம் 686. ரேங்க்தான் கணக்கு.

நீட் எழுதினால் சீட் தானாக வரும் என்று நினைப்பவர்கள் வருடா வருடம் வருகிறார்கள். வராது. அகில இந்திய 15 சதவீதத்துக்கும் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் எம்.சி.சி. என்கிற மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவின் தளத்தில் பதிய வேண்டும். மாநில 85 சதவீதத்துக்குக் கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் தேர்வுக் குழுவுக்கு ஆன்லைனில் தனி விண்ணப்பம். தனியார் கல்லூரிகளின் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு அங்கேயே இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு, கட்டணத்தையும் அரசே கட்டும். மாநகராட்சிப் பள்ளி இதில் சேரும், அரசு உதவி பெறும் பள்ளி சேராது. தலைமையாசிரியரிடம், அங்கே படித்ததற்கான போனஃபைட் சான்றை முன்கூட்டியே வாங்குங்கள். லீவில் யாரையும் பிடிக்க முடியாது.

அப்புறம், கவுன்சலிங்கில் ஆன்லைனில் போடுகிற கல்லூரி வரிசை. போன முறை ஒரு பெண் எம்.எம்.சி., ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம், ஓமந்தூரார் என்று சென்னையில் இருக்கிற நாலே நாலைப் போட்டு, பட்டியலை இறுதியாக்கி லாக் செய்துவிட்டு வந்து சொல்கிறாள். வீட்டை விட்டுப் போக மாட்டாளாம். அந்தச் சுற்றில் அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவள் ரேங்க்குக்குத் திருவள்ளூரோ அரியலூரோ கிடைத்திருக்கும். கம்ப்யூட்டர் உங்கள் பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் முறை வரும்போது காலியாக இருக்கும் முதல் கல்லூரியைத் தரும். அதனால் ஆசைப்பட்டதை மேலே போடுவதில் நஷ்டமே இல்லை. கிடைத்தால் போவேன் என்கிற அரசுக் கல்லூரி அத்தனையையும் கீழே போடுங்கள். கட்ட முடியாத கட்டணம் உள்ள கல்லூரியை மட்டும் போடாதீர்கள். எம்.சி.சி.யில் முதல் சுற்று சீட்டை வேண்டாம் என்று விடலாம். இரண்டாம் சுற்றில் வந்ததில் சேராவிட்டால் பதியும்போது கட்டிய முன்பணம் போய்விடும். நிகர்நிலைக்கு அது 2 லட்சம்.

லாக் செய்யும் கடைசி நாள் சாயங்காலம் ஓடி வராதீர்கள். அன்றைக்கு சர்வர் படுத்துவிடும், நானும் எட்டரைக்குக் கடை சாத்திவிடுவேன்.